இடம் வலமாகிப்போன கோல்: பழைய நெகட்டிவ்களைக் கணினிக்கு மாற்றித் தந்த கோவைக் கடை

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் 1985-86 சீசன் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்தது. அணியில் ஆடாமல் கேமராவோடு மட்டும் எல்லா ஆட்டங்களுக்கும் வந்த விடுதி நண்பர் இப்போது ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். மண்டிக்கு மேலிருந்த அறையைக் காலி செய்தபோது கிடைத்ததாகச் சொல்லி அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஏழு சுருள் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஆறு ஆறு படங்களாக வெட்டப்பட்டு, வெண்ணெய்த்தாளில் சுற்றி, மஞ்சள் வாசத்தோடு இருந்தன. கூடவே இருபத்திரண்டு வண்ணப் பிரதிகளும் இருந்தன. அணியில் ஆடிய பதினான்கு பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறோம் என்பதால், அத்தனையையும் கணினிக்கு மாற்றி ஆளுக்கொரு போட்டோ புத்தகம் அச்சிட்டுக்கொள்வதென்று முடிவாயிற்று. அந்த வேலையைக் காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உள்ள ஸ்டுடியோவிடம் ஒப்படைத்தோம். அவர்கள் செய்த வேலையைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் கடையின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன்.

முதலில் கட்டணம். நெகட்டிவ் ஒரு ஃப்ரேமுக்கு 20 ரூபாய், பிரதி ஒன்றுக்கு 30 ரூபாய் என்றார்கள். 248 ஃப்ரேம்களும் 22 பிரதிகளும் சேர்த்து 5,620 ரூபாய் ஆயிற்று. புத்தகம் தனிக் கணக்கு. இதைவிடக் குறைவாகக் கேட்ட கடைகளும் டவுன்ஹால் பக்கம் இருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றில் நெகட்டிவைக் கைபேசியின் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்துத் தருவதாகச் சொன்னதைக் கேட்டு எழுந்து வந்துவிட்டேன். இந்தக் கடையில் நெகட்டிவுக்கென்றே தட்டு உள்ள ஸ்கேனர் இருந்தது. வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு துண்டையும் ஊதுபந்தால் ஊதி, பருத்திக் கையுறை போட்டு விளிம்பைப் பிடித்துத் தூக்கியதைப் பார்த்தபோதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

2400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகவும் ஜேபெக் கோப்பாகவும் தந்தார்கள். 35 மி.மீ. நெகட்டிவின் ஒரு படம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது என்பதால், இந்த அளவில் ஏறக்குறைய 3400 புள்ளிகள் அகலமுள்ள படம் கிடைக்கும். அதாவது எழுபத்தேழு லட்சம் புள்ளிகள். இதைக் காட்டிலும் கூட்டிக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஊட்டித் தொழிற்சாலையில் தயாரான ‘இந்து’ என்ற பெயர் கொண்ட பிலிமில், மாலை ஐந்தரை மணி வெளிச்சத்தில், ஓடுகிறவர்களைத் துரத்தி எடுத்த படங்களில் அதற்கு மேல் தோண்டினாலும் வெள்ளித் துகள்களே பெரிதாகத் தெரியுமென்று அங்கிருந்த இளைஞர் ஒரே ஃப்ரேமை இரண்டு அளவுகளில் ஸ்கேன் செய்து காட்டினார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய திரையில் படங்கள் விரிந்தபோது, நாங்கள் வாயால் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்த சீசனுக்கும் அங்கே தெரிந்த சீசனுக்கும் இருந்த தூரம் புலப்பட்டது. மைதானத்தில் புல் இருந்ததாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்; ஒரு படத்தில்கூடப் புல் இல்லை. செம்மண்ணில் குத்திட்ட சரளைக் கற்கள் வரை தெரிகின்றன. ஆடி மாதப் பயிற்சிப் படங்களில் எல்லோருடைய தலைமுடியும் ஒரே பக்கம் படிந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில், மேற்கு நோக்கி அடிக்கும் உயரப் பந்து நின்று திரும்பும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அதனால்தான் எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஜூலை மாதம் முழுவதும் பந்தைத் தரையோடு மட்டும் ஆட வைத்தார். அந்தப் பழக்கமே பின்னர் எங்களை அரையிறுதி வரை கொண்டுசென்றது. பந்தும் அப்படியே பதிவாகியிருக்கிறது. வெள்ளைப் பூச்சு உரிந்து தோல் தெரியும் தையல் பந்து அது; மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும் என்பதால் முந்தின இரவே விளக்கெண்ணெய் தடவி வைப்போம். தலையால் முட்டுகிறவர்கள் தையல் இருக்கும் பக்கம் நெற்றியில் படுமோ என்று கண்ணை மூடிக்கொள்வதை நான்கு படங்களில் எண்ணினேன்.

ஸ்கேன் செய்த இளைஞர் வாரக் கடைசியில் கால்பந்து ஆடுகிறவர். ஒரு படத்தில் எண் 3 அணிந்த நான் நெருக்கடியில் பந்தைக் கோல்கீப்பருக்குத் திருப்பி அடிக்க, அடுத்த ஃப்ரேமில் அவர் குனிந்து இரு கைகளாலும் அள்ளிக்கொண்டிருக்கிறார். “ஏனுங்க சார், இதைக் கையில எடுத்தா ஃபவுல் இல்லீங்களா?” என்று கேட்டார். சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பி அடித்த பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாதென்ற விதி 1992-இல்தான் வந்தது. அதுவரை பின்கள வீரர்களாகிய எங்களுக்கு அதைவிடப் பெரிய அடைக்கலம் கிடையாது என்று சொன்னேன். ஒரு கோல் அடித்துவிட்டால் மீதி நேரத்தை நானும் கோல்கீப்பரும் ஸ்டாப்பர் பேக்கும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தே கழித்துவிடுவோம். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள், டிராவுக்கு ஒன்று என்றிருந்த காலத்தில் தோற்காமல் இருப்பதே பாதி வெற்றியாக இருந்தது. லீக் ஆட்டங்களில் நாங்கள் அதிகமாக டிரா செய்ததன் காரணமும் அதுதான். வேலைக்கு நடுவே இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த இளைஞர், தொடர்ச்சியான ஃப்ரேம்களைத் தாமாகவே ஆட்டம் வாரியாகக் கோப்புறைகளில் பிரித்து வைத்தார். ஒப்பந்தத்தில் இல்லாத இந்த வேலைக்கு அவர்கள் தனியாகக் காசு கேட்கவில்லை.

இனி குறைகள்.

முதலாவது, தூசி நீக்கம். இந்த வகை ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்துத் தானாக அழிக்கும் வசதி உண்டு. வண்ண நெகட்டிவுக்கு அது நன்றாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளியால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுத்துவிடுவதால், இயந்திரம் படத்தின் கரிய பகுதிகளையே தூசி என்று எடுத்துக்கொள்ளும். முதல் சுருளை அந்த வசதியை அணைக்காமலே ஸ்கேன் செய்துவிட்டார்கள். விளைவாக கோல் வலையின் கயிறுகள் ஆங்காங்கே கரைந்து, பார்வையாளர்களில் சிலருக்கு மீசை பாதியில் நின்றுபோயிருந்தது. சொன்னவுடன் 36 ஃப்ரேம்களையும் மறுபடி ஸ்கேன் செய்து, தூசியைக் கையால் நீக்கித் தந்தார்கள். இருந்தாலும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

இரண்டாவது, வண்ணமேற்றுதல். நாங்கள் கேட்காமலே, அன்பளிப்பாக, பத்துப் படங்களுக்குக் கணினி மூலம் வண்ணம் ஏற்றித் தந்தார்கள். எங்கள் பனியன் பாட்டில் பச்சை. திருப்பூரில் பருத்தித் துணியில் தைத்தது. முதல் மழையிலேயே சாயம் இறங்கி வெள்ளை டவுசரெல்லாம் பச்சையாகி, அந்தக் கறை சீசன் முடியும் வரை போகவில்லை. கணினி அதை ஊதா நிறமாக்கியிருந்தது. தோல் தெரிந்த பந்து ஆரஞ்சு நிறம் பெற்றுக் கூடைப்பந்தாகவே மாறிவிட்டது. நாங்கள் ஆடியது எந்த விளையாட்டு என்று என் பேத்தி கேட்டாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சைக்கும் ஊதாவுக்கும் வேறுபாடு தெரியாது என்பது இயந்திரத்தின் குற்றமல்ல. ஆனால் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். இதைவிட என்னை உறுத்தியது இறுதிப் போட்டிக்குப் பின் எடுத்த குழுப் படம். அன்று பெரியார் மாவட்டம் என்று பெயர் கொண்டிருந்த ஈரோட்டில், ஐப்பசி மழையில், ஆட்டம் சமனாகி, பெனால்டி அடித்து முடிவு காணும் டை பிரேக்கரில் தோற்று, சேறும் சகதியுமாக வரிசையாய் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. படத்தைச் ‘சுத்தம்’ செய்கிறேன் பேர்வழி என்று முகங்களிலிருந்த சேற்றையெல்லாம் கறை என்று கருதித் துடைத்துவிட்டார்கள். கோல்கீப்பரின் புருவத்துக்கு மேலிருந்த பிளாஸ்திரியும் போய்விட்டது. அவர் ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதையும் அந்த வெட்டுக் காயத்தோடு ஆடினார். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன் தோற்றவர்கள், பொங்கலுக்குக் குளித்துவிட்டு வந்து நின்றவர்களைப் போல இருந்தோம். திருத்தாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிப் புத்தகத்தில் அதையே போட வைத்தேன்.

மூன்றாவதுதான் பெரிய பிழை. அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அரையிறுதியில் நாங்கள் 1-0 என்று வென்றோம். இடைவேளைக்குப் பின் ஓரத்திலிருந்து வந்த கிராஸை சென்டர் ஃபார்வர்டு தலையால் முட்டிக் கோலாக்கினார். அந்தக் கிராஸை அடித்தது இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட்டா வலது ஓரத்தில் ஆடும் ரைட் அவுட்டா என்பதில் எங்களுக்குள் நாற்பது ஆண்டு வழக்கு. லெஃப்ட் அவுட் இப்போது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்போடு இருக்கிறார். ரைட் அவுட் வங்கியில் ஓய்வு பெற்றுப் பாலக்காட்டில் இருக்கிறார். இருவரும் தாம்தான் அடித்ததாக எந்தக் கல்யாண வீட்டிலும் சாதிப்பார்கள். முட்டியவரைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பார். நண்பரின் கேமரா அந்தக் கணத்தைப் பிடித்திருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஐந்தாவது சுருளின் ஸ்கேன் வந்த அன்று, படத்தில் இடது ஓரத்தில், கொடிக்கம்பத்தருகே, காலை வீசி முடித்த நிலையில் ஒருவர் நிற்பது தெரிந்தது. முகம் கலங்கியிருந்தாலும் நிற்கும் இடம் தெளிவு. கோல்கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் எங்கள் அணி கேமராவை நோக்கி வருகிறது. ஆகவே படத்தின் இடது ஓரம் எங்களுக்கு வலது பக்கம். வழக்கு ரைட் அவுட்டுக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. அவர் அந்தப் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டு, ஒரு வாரம் தினமும் காலை வணக்கத்துக்குப் பதில் அதையே அனுப்பிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சிக்காரர் மௌனமாகிவிட்டார்.

எட்டாம் நாள் நான் அதைப் பெரிதாக்கி, கோட்டுக்கு வெளியே நின்ற பார்வையாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியதே தவிர எதுவென்று பிடிபடவில்லை. பேனா குத்தியிருந்த ஒருவரின் சட்டைப் பையில் கண் நின்றது. பை வலது மார்பில் இருந்தது. பக்கத்தில் நின்றவருக்கும் வலது மார்பில். வரிசையில் சட்டைப் பை தெரிந்த ஏழு பேருக்கும் அப்படியே. ஊரில் ஒரு தையற்காரர் தவறலாம், எல்லாத் தையற்காரர்களும் தவற மாட்டார்கள். பிறகு எல்லாமே தெரிந்தது. எங்கள் மைதானத்தின் மேற்கு ஓரத்தில் வேப்ப மர வரிசை உண்டு. வடக்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, தெற்கே பிரதான கட்டடம் தெரியும்படி எடுத்த அந்தப் படத்தில் வேப்ப மரங்கள் வலப் பக்கம் இருக்க வேண்டும். இடப் பக்கம் இருந்தன. மாலை நேர நிழல்கள் கிழக்கே விழாமல் மேற்கே விழுந்துகொண்டிருந்தன. நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள்! படத்தில் முதுகு தெரிந்த எங்கள் ஆட்டக்காரர் ஒரே ஒருவர். அவருடைய எண் 8. புரட்டினாலும் 8 எட்டாகவே இருந்து எங்களை ஏமாற்றிவிட்டது. நான் அணிந்த 3 அந்தப் படத்தில் விழுந்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இந்தப் பிழையைத் தவிர்ப்பது மிக எளிது. நெகட்டிவின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் ரசாயனம் பூசிய மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். விளிம்பில் அச்சாகியிருக்கும் ஃப்ரேம் எண்கள் நேராகப் படிக்கும்படி பிடித்தால் படமும் நேராக இருக்கும். எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் கவிழ்ந்திருந்தால் படமும் கவிழ்ந்திருக்கிறது. ஸ்கேனர் தட்டு படத்தை மட்டும் காட்டி விளிம்பை மறைத்துவிடுவதால் பின்னால் பார்க்கிறவருக்குச் சரிபார்க்க வழியில்லாமல் போகிறது. ஆகவே இத்தகைய வேலையைக் கொடுக்கிறவர்கள், துண்டு ஒன்றுக்கு ஒரு முறையாவது விளிம்பெண் தெரியும்படி முழுத் துண்டையும் ஸ்கேன் செய்து தரச் சொல்ல வேண்டும். கடைக்காரர் இப்போது அதைத் தம் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார். நான் போய்ச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. நெகட்டிவைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பைப் பார்த்துவிட்டு, “தப்புத்தானுங்க” என்றார். புரண்டிருந்த துண்டுகள் மொத்தம் இரண்டு, பன்னிரண்டு படங்கள். அன்றே சரிசெய்து கொடுத்தார்.

தாமதத்தையும் ஒரு குறையாகச் சொல்லலாம். மூன்று வாரம் என்றது ஐந்து வாரத்தைத் தாண்டியது. ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிட்டால் எந்த ஸ்டுடியோவிலும் கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் பழைய கால்பந்து நிற்காது. ஆடியில் கொடுத்திருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

புத்தகத்தைப் பற்றி நிறைவாகவே சொல்ல முடியும். நாற்பது பக்கம், கெட்டி அட்டை, விரித்து வைத்தால் நடுவில் மடிப்பில்லாமல் தட்டையாகப் படியும் கட்டு. ஒரு பிரதி 2,400 ரூபாய். கறுப்பு மையின் அடர்த்தி நன்றாக வந்திருக்கிறது. சேறும் நிழலும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. 22 வண்ணப் பிரதிகள்தாம் கொஞ்சம் பாவம். பசையோடு கூடிய ஆல்பத் தாளில் பல காலம் ஒட்டிக் கிடந்ததில் சாயம் வெளிறி எல்லாமே செம்மை படிந்துவிட்டன. கறுப்பு வெள்ளை நாற்பது ஆண்டுகளைத் தாங்கியிருக்க, அன்று இரண்டு மடங்கு செலவழித்து எடுத்த வண்ணப் படங்கள் தாங்கவில்லை. ஸ்டுடியோக்காரர் நிறத்தைச் சற்றுச் சமன்செய்து போட்டிருக்கிறார். அதற்கு மேல் செய்ய அதில் சரக்கில்லை. ஒரு படக்குறிப்பில் ‘டை பிரேக்கர்’ என்பது ‘டை பிரேக்கிங்’ என்று அச்சாகியிருப்பதை மட்டும் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோவைக்குப் பின்னாளில் பெரிய ஆட்டங்கள் வந்தன. 1992-இல் சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டியில் கேரளம் கோவாவை இங்கேதான் வென்றது. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை நேரு ஸ்டேடியத்தில் கைப்பற்றியபோது நாங்கள் ஆறு பேர் கூட்டத்தில் இருந்தோம். அவற்றுக்கெல்லாம் பத்திரிகைப் படங்களும் காணொளிகளும் இருக்கின்றன. ஒரு கல்லூரி அணி இறுதிப் போட்டியில் தோற்ற சீசனுக்கு இந்த 248 ஃப்ரேம்களை விட்டால் வேறு ஏடு கிடையாது. அதனால்தான் தூசி, நிறம், சேறு, இட வலம் என்று இவ்வளவு நுணுக்கிப் பார்த்தேன். இவ்வளவுக்குப் பின்னும் அதே கடைக்குத்தான் போவேனா என்றால், போவேன். ஆனால் வண்ணம் ஏற்ற வேண்டாம், முகத்தைத் துடைக்க வேண்டாம், விளிம்பு தெரிய வேண்டும் என்ற மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன்.

சரிசெய்த படத்தைக் குழுவில் போட்டபோது பொள்ளாச்சிக்காரர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மறுநாள் என் வீட்டுக்கு இரண்டு மூட்டைத் தேங்காய் வந்திறங்கியது. பாலக்காட்டிலிருந்து ரைட் அவுட் தொலைபேசியில் அழைத்து, தம் புத்தகத்தில் மட்டும் அந்தப் பக்கத்தைப் பழையபடியே அச்சிட முடியுமா என்று கேட்டார். கேட்டுச் சொல்வதாகச் சொல்லிக் கடையில் விசாரித்தேன். பதினான்கு புத்தகங்களில் ஒன்று அப்படியே, சட்டைப் பைகள் எல்லாம் வலது மார்பில் இருக்க, அச்சாகி வந்தது. அந்தப் பக்கத்தைத் தனியாக மாற்றிய வேலைக்குக் கடைக்காரர் பணம் வாங்கவில்லை.